வயலோரத்தில் விளங்கும் தூய்மை

விவிலியத்து லேவியராகமத்தைப் பலிமுறைகளின் தொகுப்பென ஒதுக்குவோர் பலர். அதன் 19ஆம் அதிகாரம் அக்கருத்தை மாற்றவல்லது. இறைவனோடு உடன்படிக்கை கொண்ட இசுரவேலர் தூயோராதல் வேண்டும் என அது தொடங்குகிறது. அத்தூய்மை யாது? வயலின் ஓரத்தை அறுக்காது எளியோர்க்கும் அயலார்க்கும் விடுதல். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திராமை. அளவிலும் நிறையிலும் பொய்யாமை.

தாய் தந்தையரிடத்தும் திருத்தலத்தின்பாலும் கொள்ளவேண்டிய அச்சத்தை எபிரேய மூலம் ஒரே வினைச்சொல்லால் உணர்த்துகிறது. தாயையே முதலில் வைக்கிறது. கட்டளைகளின் இறுதியில் ஆணையிட்டவன் பெயர் பல்லவிபோல் மீள்கிறது. அயலானை நேசிக்கும் கட்டளைக்கோ காரணமும் உண்டு: அவர்களே எகிப்தில் அயலாராய் இருந்தவர்கள். இங்கே கீழ்ப்படிதல் நினைவிலிருந்து பிறக்கிறது.

அடுத்த அதிகாரமோ மரண தண்டனைகளை அடுக்குகிறது. அக்கடுமையை நாம் ஏற்பதற்கில்லை. தண்டனையைக் காட்டிப் பணியவைப்பதினும், பட்ட துயரை நினைவூட்டிப் பணியவைப்பதே மேலானது என்பதற்கு முந்தைய அதிகாரமே சான்று.

ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வறத்தை விளக்க வேண்டுவதில்லை. நம் தெருவுக்குப் புதிதாய் வருவோரிடம் அது செயலாதல் வேண்டும்.