மலையின் மூன்றாவது பக்கம்

1945 பெப்ரவரி 23ஆம் நாள், பசிபிக் சமுத்திரத்துத் தீவாகிய இவோ ஜிமாவின் சுரிபாச்சி மலையுச்சியில் அமெரிக்கப் படையினர் அறுவர் கொடி நாட்டினர். ஜோ ரோசெந்தால் எடுத்த அப்புகைப்படம் வெற்றியின் சின்னமாயிற்று. ஆயினும் போர் மார்ச் 26 வரை நீடித்தது. கொடி நாட்டியவருள் மூவர் அத்தீவிலேயே மடிந்தனர். உயிரோடு மீண்ட செவ்விந்தியர் ஐரா ஹேய்ஸ், யுத்தக் கடன் பத்திரம் விற்கும் மேடைகளில் காட்சிப் பொருளாக்கப்பட்டார். மதுவுக்கு அடிமையாகி 1955இல், தமது 32ஆவது வயதில் மாண்டார்.

கிளின்ட் ஈஸ்ட்வூட் 2006இல் இப்போரை இரு திரைப்படங்களாக்கினார். ஒன்று அமெரிக்கரின் கதை; மற்றையது ஜப்பானியரின் கதை. பகைவனுக்கும் தாயுண்டு, மனைவியுண்டு என்று காட்டிய துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் இரு பக்கங்களையும் காட்டிவிட்டால் உண்மை முழுமை பெற்றுவிடுமா? அத்தீவில் ஏறத்தாழ ஆயிரம் குடிமக்கள் வாழ்ந்தனர். 1944இல், படைவேலைக்கென நிறுத்தப்பட்ட ஆண்கள் சிலர் நீங்கலாக, அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1968இல் தீவு ஜப்பானிடம் மீண்டது. அம்மக்களோ இன்றுவரை அங்கு மீளக் குடியேற அனுமதிக்கப்படவில்லை. சிப்பாயின் துயரை இத்துணை நுணுக்கமாகப் பேசும் கலை, மண்ணுக்குரியவர்களைக் கதையின் ஓரத்திலேயே விட்டுவிட்டது.

கிழக்கிலங்கையராகிய நமக்கு இது அந்நியச் செய்தியன்று. மட்டக்களப்பு மாவட்டத்துக் குடும்பிமலையை 2007 ஜூலை 11இல் அரச படை விடுதலைப் புலிகளிடமிருந்து கைப்பற்றியது. கொழும்பில் வெற்றிவிழா நடைபெற்றது. தமிழர் கண்ணுக்குக் குடும்பியாகத் தோன்றிய பாறை, சிங்களவர் கண்ணுக்குத் தொப்பியாகத் தோன்றித் ‘தொப்பிகல’ ஆயிற்று. ஒரே பாறைக்கு இரு பெயர்கள். ஒரே போருக்கு இரு வீரகாவியங்கள்.

இவ்விரண்டிலும் இடம்பெறாதோர் பலர். அவ்வாண்டின் சண்டைகளால் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். மாட்டுப்பட்டியைக் கைவிட்டு ஓடிய தமிழ் மேய்ப்பனை எக்காவியம் பாடிற்று? 1990இன் படுகொலைகளுக்குப் பின் படுவான்கரை வயலுக்குப் போக அஞ்சிய முஸ்லிம் விவசாயியின் இழப்பை எவ்விழா நினைத்தது? வெற்றியை எழுதுவோருக்கும் தியாகத்தை எழுதுவோருக்கும் இவர்கள் வேண்டாதவர்கள்.

ஈஸ்ட்வூட் இரண்டாவது பக்கத்துக்கு வந்து நின்றார். நம் எழுத்தாளர் அதற்கப்பாலும் செல்லக் கடமைப்பட்டவர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பெரியநீலாவணை, மருதமுனை போன்ற ஊர்களிலிருந்தே அவ்வெழுத்து பிறக்க முடியும். தன்னினத்தின் கண்ணீரோடு அயலவனின் கண்ணீரையும் ஒரே ஏட்டில் எழுதும் நெஞ்சுரம் அதற்கு வேண்டும்.