பிரேமதாசவின் 1990: நாம் பேசாமல் விட்ட பாதி

ஜனாதிபதி பிரேமதாசவைப் பற்றி நமது ஊர்களில் பேச்சு வந்தால் "இஸ்ரேல்காரன வெளியேத்தினவர்" என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். உண்மைதான். 1984இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் அனுமதித்த இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவை அவர் 1990இல் மூடினார். ஜே.ஆரின் முடிவை எதிர்த்து நின்ற முஸ்லிம்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே அரசு அதே காலத்தில் எடுத்த இன்னொரு முடிவை நம்மவர்கள் அந்த அளவுக்கு விசாரிக்கவில்லை.

இந்தியப் படை போகவேண்டும் என்று அவர் நின்றதைக் குறைசொல்ல முடியாது. அந்தப் படையின் இருப்பு தெற்கில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சிக்கு எண்ணெய் வார்த்தது. 1989இல் புலிகளோடு பேச உட்கார்ந்ததும் பிழையல்ல. சண்டை பிடிக்கிறவனோடுதானே சமாதானம் பேச வேண்டும்? பேச்சோடு நில்லாமல், இந்தியா உருவாக்கிய தமிழ்த் தேசிய இராணுவத்தை நொறுக்கப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்ததுதான் பிழை. வெளியார் படையை அனுப்புவதற்காக உள்ளூரில் இன்னொரு படைக்குத் தீனி போட்ட இராஜதந்திரம் அது.

1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் திருகோணமலையில் கப்பலேறினான். அந்த வெற்றிடத்தில் கிழக்கு முஸ்லிம்களுக்கு யார் காவல் என்ற கேள்விக்கு அரசிடம் உருப்படியான பதில் இருக்கவில்லை. ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தபோது, சரணடையும்படி கொழும்பிலிருந்து உத்தரவு போனது. ஆயுதத்தைக் கீழே வைத்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். தன் பொலிஸாரையே காக்க முடியாத அரசு ஊரை எப்படிக் காக்கும்? ஓகஸ்டில் காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்கள், பிறகு ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே வெளியேற்றப்பட்டது.

கொன்றதும் விரட்டியதும் புலிகள். அந்தப் பழியை அரசின் தலையில் கட்டி அவர்களைத் தப்பவிடுவது நேர்மையல்ல. ஆனால் இஸ்ரேல் பிரிவை மூடியதற்காக அரசுக்கு முழுப்புள்ளி போட்டவர்கள், அந்த ஆயுதங்களுக்கும் ஜூன் உத்தரவுக்கும் ஏன் புள்ளி குறைக்கவில்லை? தூரத்து பலஸ்தீனத்துக்காகக் கொதித்த அளவுக்கு, பக்கத்தில் நடந்த பேரத்தை நாம் கவனிக்கவில்லை.

அரசு கடைசியில் கண்ட பரிகாரமும் துவக்குத்தான். ஊர்காவல் படை என்ற பெயரில் நமது இளைஞர்களின் கையில் அதைக் கொடுத்தது. அதனால் பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள் பட்ட பாட்டையும் நாம்தான் எழுத வேண்டும்.