நாலு மணியும் ஒன்றரை மணியும்

சென்னை கோடம்பாக்கத்தில் மாலை நாலே காலுக்கு ஸ்கூல் வேன்கள் தெருமுனையில் வந்து நிற்கத் தொடங்கும். ஐந்து மணிக்கு டியூஷன். நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்துக்குள் பிள்ளை யூனிஃபார்மைக் கழற்றி, பூஸ்ட் குடித்து, டைரியை அம்மாவிடம் காட்டி, மறுபடியும் பையைத் தூக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி பகல் ஒன்றரைக்கே விட்டுவிடுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து சோறு தின்று, கொஞ்சம் படுத்தெழும்பி, மூன்று மூன்றரைக்கு மேல்தான் ரியூசனுக்குப் புறப்படும். டே கேர் என்ற பெயரில் இரண்டு ஊரிலும் ஏதேதோ இருக்கின்றன. ஆனால் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைக் கூட்டமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையை உண்மையில் செய்வது டியூஷன்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை அந்தக் கூட்டத்தில் நிலைப்பானா மாட்டானா என்பதை, சொல்லிக்கொடுக்கும் முறையைவிடப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

காரணம் எளியது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குச் சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் நமக்குப் படுவதைப் போலப் படுவதில்லை. பெஞ்சு இழுபடும் ஓசை, டியூப்லைட் துடிப்பு, சட்டைக் காலர் உறுத்தல், எப்போது யார் இடிப்பார்களோ என்ற பதற்றம் எல்லாவற்றையும் பகல் முழுக்க அடக்கிக்கொண்டே அப்படிப்பட்ட பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அடக்கியது எங்காவது வெளிவந்தாக வேண்டும். ஐந்தரை மணிக்குப் பென்சில் முனை உடைந்ததற்காக ஒருவன் தரையில் புரண்டு அழுதால், அதற்குப் பென்சில் காரணமில்லை. பள்ளி மிஸ் 'கிளாஸ்ல ரொம்ப நல்ல பையன்' என்பார். டியூஷன் மிஸ் 'அடம் தாங்கல' என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான், அதே பையனைப் பற்றித்தான்.

1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு கோடம்பாக்கம், வடபழனி, வளசரவாக்கம் பக்கம் வந்து தங்கிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதனால் இந்த ஒப்பீட்டுக்கு நான் எங்கேயும் பயணம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா ஒருநாள் சொன்னார்: "அங்கை எண்டா பிள்ளை மத்தியானம் வந்து நித்திரை கொண்டெழும்பித்தான் ரியூசனுக்குப் போகும். இஞ்சை பிள்ளையை மூச்சுவிடவே விடமாட்டினம்." அவர் சொன்னது எல்லாப் பிள்ளைகளையும் பற்றி. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும். இலங்கையில் பள்ளி நேரத்தை அரை மணி நீட்டும் திட்டம் 2025இல் எழுந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சங்கங்களுக்கு அவற்றின் காரணங்கள் இருந்தன. இந்தப் பிள்ளைகளின் சார்பிலும் எதிர்த்திருக்கலாம்.

ஆனால் ஒன்றரை மணியைக் கொண்டாடி நிறுத்திவிட முடியாது. ஓய்வெடுத்துத் தெளிந்த பிள்ளை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ரியூட்டரி என்ற டியூஷன் கூடம். தகரக் கூரை, வரிசை வரிசையாக வாங்கு, முன்னால் மைக் பிடித்த ஆசிரியர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். கூரையின் வெக்கையும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் சேர்ந்த அந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இடமில்லை. "ரீச்சர், அவர் சத்தம் போட்டா மற்றப் பிள்ளையள் குழம்பினம்" என்று யாராவது சொல்வதற்கு முன்பே தாய் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறாள். அம்மம்மா பார்த்துக்கொள்வார். அன்புக்குக் குறைவிருக்காது. ஆனால் தன் வயதுப் பிள்ளைகள் சுற்றி இருக்கும் ஒரு மாலை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலே போய்விடும்.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் இலங்கைக்கு ஒரு வசதி உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், கையில் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. அங்கே 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று மேடைக்கு மேடை சொல்லப்படும் கணக்கு, பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடனிருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் வந்தது. ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குட்பட்ட 374 பிள்ளைகளைப் பார்த்து, நால்வரைக் கண்டறிந்து போட்ட கணக்கு அது. ஒரு நாட்டையே தாங்கும் அளவு பெரிய எண் அல்ல. அதே குழுவின் பிற்காலப் பணி எனக்கு அதிகம் பிடித்தது. ஆட்டிசத்தைக் கண்டறியக் கேட்கும் கேள்விகளைத் தாய்மார் சரியாகப் புரிந்துகொள்ளாததைக் கண்டு, படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு முறையை 2017இல் கொண்டுவந்தார்கள். ஆனால் கண்டுபிடித்த பிறகு போகும் இடங்கள் குறைவு. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இயங்கும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான அயத்தி நிலையம் யாழ்ப்பாணத்துக்கு எட்டாத் தொலைவு. கோண்டாவிலில் ஆறு திருமுருகன் தொடங்கிய சிவபூமி சிறப்புப் பாடசாலை போன்றவையே அங்கே துணை.

சென்னையின் கதை இதற்கு நேர் எதிர். கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான வித்யா சாகர் 1985இலிருந்து இருக்கிறது. பூனம் நடராஜன் தொடங்கியது. மயிலாப்பூர்ப் பக்கம் அதுபோன்ற வி-எக்ஸெல் 2001இலிருந்து. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் 2005இலிருந்து. பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுப் பேச உதவும் அவாஸ் செயலி இந்த ஊரில்தான் உருவானது. இவ்வளவும் பக்கத்தில் இருப்பதன் பலன், பிள்ளையின் மாலை முழுக்கத் தெரபியால் நிரம்பிவிடுகிறது. திங்கள் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), செவ்வாய் ஸ்பீச், புதன் மறுபடி ஓ.டி. முக்கால் மணி நேர அமர்வு, அதற்கு முன்னும் பின்னும் ஆட்டோ. பவர் ஹவுஸ் பக்க நெரிசலில் அந்த ஆட்டோ நிற்கும் நேரமும் சேரும். தெரபி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான அமர்வுகளில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டுமே. முறை வைத்து விளையாடுவதை ஒரு பெரியவரிடம் எத்தனை மாதம் கற்றாலும், முறையை மீறும் எட்டு வயதுப் பயலிடம்தான் அது சோதனைக்கு வரும்.

கூட்டத்துக்குள் அனுப்பும்போதும் நாம் அவனுக்கென்றே துணையாக உட்காரும் ஷேடோ டீச்சரைச் சேர்த்து அனுப்புகிறோம். அந்த அக்கா எந்நேரமும் பக்கத்தில் ஒட்டியிருந்தால், மற்றப் பிள்ளைகள் அவனிடம் பேசுவதை விட்டு அக்காவிடம் பேசப் பழகிவிடுகிறார்கள். "அக்கா, இவன் ரப்பர் தருவானா?" என்று அவன் முன்னாலேயே கேட்பார்கள்.

ரங்கராஜபுரத்தில் தரைத்தள வீட்டு ஹாலில் நடக்கும் ஒரு டியூஷனை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். பாயில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அந்த மிஸ் ஸ்பெஷல் எஜுகேஷன் எதுவும் படித்தவரில்லை. ஒரு பெற்றோர் கொடுத்த யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' புத்தகமும் அவருடைய சொந்த யோசனையும்தான் மூலதனம். ஆட்டிசம் உள்ள பையன் மற்றவர்களுக்கு அரை மணி முன்னதாக வருவான். அந்த அரை மணியில் யாரும் அவனிடம் எதையும் கேட்பதில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அவனுக்கென்று ஒரு தலையணை. பீரோக் கதவில் ஐந்து படங்கள்: பை, நோட்டு, தண்ணீர், கேரம், செருப்பு. ஒவ்வொன்றாக முடியும்போது துணி கிளிப்பை அவனே கீழே இறக்குவான். இந்த மாதிரிப் படவரிசையை வட கரோலினாவில் 1970களிலிருந்து முறைப்படி செய்துவருகிறார்கள் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது. குக்கரை நாலு மணிக்கே வைத்து இறக்கிவிடுகிறார், விசில் சத்தம் வகுப்பு நேரத்தில் கேட்கக் கூடாது என்பதற்காக. நோட்டை மூடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று எல்லாருக்குமாகச் சொல்கிறார். அது அவன் ஒருவனுக்காகத்தான் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அது நல்லதாகவே இருக்கிறது. ஒரு தாய் வந்து, "அந்தப் பையன் இருக்கற பேட்ச்ல என் பொண்ணு வேணாம் மிஸ்" என்றபோது, "சரிங்க, உங்க பொண்ணுக்கு ஆறரை மணி பேட்ச்ல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

எல்லா மிஸ்ஸும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வைக்கும் சட்டமும் இங்கே இல்லை. இந்தியாவின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே கிடையாது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பிடித்து, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றானது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எல்லாரையும் சேர்த்துப் படிக்கவைக்கச் சொல்வது அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்களை மட்டும். ஹாலில் பாய் விரித்து நடக்கும் டியூஷன் இரண்டிலும் சேராது. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பழையது, ஆட்டிசத்துக்கென்று தனிப் பட்டியல் எதுவும் போடாதது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு எந்தக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. எழுத்துப்படி பார்த்தால் ரியூட்டரியும் அதற்குள் வரும் என்று வாதாடலாம். விரிவான இந்தியச் சட்டம் நழுவவிட்ட வாசலைச் சுருக்கமான இலங்கைச் சட்டம் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவைச் சொல்லி ரியூட்டரி வாசலில் நின்ற பெற்றோரை நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் எட்டாவிட்டாலும், தமிழ்நாட்டிடம் ஒரு நல்ல அச்சு கையிலேயே இருந்தது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 27 அக்டோபர் 2021இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் வரை, பெரும்பாலும் அதே தெருவில் வசிக்கும் பெண்கள். பிள்ளையின் பெயரும் வீடும் குணமும் ஏற்கெனவே தெரிந்த ஒருவர், நடந்து போகும் தூரம், சிறிய கூட்டம், ஒரே முகம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டியது இதைவிட வேறென்ன? 20 என்பதைப் பத்தாகக் குறைத்து, முன்னதாக வர அரை மணி கொடுத்து, முட்டுக்காட்டு நிறுவனத்திலோ கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலோ சில நாள் பயிற்சி கொடுத்தால் ரங்கராஜபுரம் மிஸ் தானாகக் கண்டுபிடித்ததை ஊர் முழுக்கச் செய்யலாம். யாழ்ப்பாணக் கிராமங்களில் சனசமூக நிலையங்களுக்குக் கட்டடமும் வாங்கும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே தேவை மைக் இல்லாத ஒரு ரீச்சர்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு அரசு கொடுத்தது மாதம் 1000 ரூபாய். சென்னையில் ஓரிரு தெரபி அமர்வுகளுக்கு ஆகும் காசு. அதே தொகையில் இந்தக் கூடுதல் வேலையையும் அவர்கள் தலையில் கட்டினால் எந்தப் பெண்ணும் இரண்டாவது மாதம் வரமாட்டார். பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தத் தொகையைப் பற்றிப் பேச வேண்டும்.