கைக்கு எட்டிய ஸ்வரம்

போடிநாயக்கனூரில் கிதார் வாசிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஏலக்காய்க் கடைக் கணக்குப்பிள்ளையின் மகன் வாசிக்கிறான். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவரின் மகள் வாசிக்கிறாள். வாசிப்பதோடு நில்லாமல், கைபேசியில் பதிவு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பியும் வைக்கிறார்கள். என்னிடம் வந்து சேர்ந்தவற்றில் பல 'இளைய நிலா' பாட்டின் கிதார்ப் பகுதிகள். நான் சங்கீத வித்வான் அல்லன்; கதை எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் கேட்கிறவனுக்கும் ஒரு கட்சி உண்டல்லவா? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்தப் பாட்டின்மேல் இந்தச் சீமைக்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. போடிக்குத் தெற்கே, இதே மலையின் அடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராய்ச் சுற்றினார். பிறகு சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு சங்கீதம் பயின்று, லண்டன் டிரினிடி கல்லூரியின் கிதார்ப் பரீட்சையிலும் தேறினார். 1982-ல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்கு அவர் அமைத்த பாட்டு இது. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம்; கிதார் வாசித்தவர் சந்திரசேகர்.

கேட்பதற்கு அந்தக் கிதார் வெகு சுலபமாக இருக்கும். வாசிக்க உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும். கட்டைவிரல் கனத்த தந்திகளில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் ஒரே அளவாக, ஒரே கனத்தில் விழவேண்டும். ஒரு விரல் கொஞ்சம் அழுத்திவிட்டால் கோலத்தில் ஒரு புள்ளி பெருத்தாற்போல ஆகிவிடும். அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தே பதிவு செய்வார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கை வராத இடத்தை அங்கே ஒளித்துவைக்க முடியாது.

இன்று இயந்திரம் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டது. பாதி வேகத்தில் வாசித்துவிட்டு, சுருதி மாறாமல் முழு வேகத்துக்கு ஓடவிடலாம். நன்றாக வந்த ஒரு சுற்றை வெட்டி, நாலு இடத்தில் ஒட்டலாம். இந்தத் தந்திரம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் லெஸ் பால் 1948-ல் 'லவர்' என்ற இசைத்தட்டில் சில கிதார்களைப் பாதி வேகத்தில் பதிவு செய்து இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். கனடா தேசத்துப் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964-ல் கச்சேரி மேடையையே துறந்தார். பாஹின் ஒரு உருப்படிக்கு இரண்டு பதிவுகளை மாற்றி மாற்றி வெட்டி ஒட்டியதை 1966-ல் தாமே கட்டுரையில் எழுதினார். இவர்களை மோசக்காரர்கள் என்று எவரும் சொல்லமாட்டார். கேட்கிறவனுக்கு இவர்கள் கொடுத்த வாக்கு, "இப்படி ஒரு ஒலி செய்திருக்கிறேன், கேள்" என்பதுதான். கையைக் காட்டி, "பார், இது வாசிக்கிறது" என்று சொன்னால் அது வேறு வாக்கு. அந்த வாக்கைக் கொடுத்துவிட்டு இயந்திரத்தின் கையைக் காட்டினால் என்ன பெயர் சொல்வது?

நான் கேட்டவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, கல்லூரி வாலிபர் ஒருவருடையது. மூலத்தைவிடச் சற்று வேகம்; ஒரு பிசகு இல்லை. ஆனால் இரண்டாம் முறை கேட்டபோது உறுத்திற்று. மீட்டிய நாதம் இயல்பாய்த் தேய்வதற்கு முன்பே சட்டென்று அடங்கிவிடுகிறது. நீண்ட ஸ்வரத்தை அசைக்கும் இடத்தில் அசைவு நடுக்கமாகக் கேட்கிறது. மெதுவாய் வாசித்ததைச் சுருக்கினால் இப்படித்தான் ஆகும். விரல் சுருங்கவில்லை, காலம் மட்டும் சுருங்கியிருக்கிறது.

இரண்டாவது, மலைமேல் இருக்கும் ஒரு பெண்ணுடையது. மூலத்தின் வேகத்தில் முக்கால்தான் இருக்கும். "இடையிசையில் ஒரு ஓட்டத்தை விட்டிருக்கிறேன், இன்னும் கை வரவில்லை" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள். அந்த முக்கால் வேகம் கடைசிவரை முக்காலாகவே நின்றது. விட்டுவிட்ட ஓட்டத்தின் இடத்திலும் கட்டைவிரலின் நடை அறுந்துபோகவில்லை. பாட்டின் எலும்பு எது, நகை எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நகையைக் கழற்றி வைத்தாள், எலும்பை முறிக்கவில்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: முடிவில் அவசரப்பட்டு ஒலியைத் தேயவிடாமல் கையை எடுத்துவிட்டாள். அந்தக் குறையை நான் சொல்ல முடிவதே அவள் தன் கையைக் காட்டியதால்தான். முதல் பதிவில் யாருடைய குறையை நான் சொல்வது?

"என்னால் இவ்வளவுதான்" என்பது சோம்பலுக்கும் நல்ல திரை என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். அப்பியாசமே பண்ணாமல் தடுமாறிவிட்டு, நேர்மை என்று பெயர் சூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நம் சங்கீதத்திலேயே பதில் உண்டு. சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதல் காலத்தில் பாடுவது வெட்கமில்லை. ஸ்வரம் நிற்காமல் மூன்றாம் காலத்துக்குத் தாவுவதுதான் வெட்கம். ஆனால் முதல் காலத்திலேயே குடியிருக்கவும் குரு விடமாட்டார். கிதாரிலும் அவ்வளவே. கை வராத இடத்தை இரண்டு மூன்று ஸ்வரமாகப் பிரித்து, பிசகாத வேகத்தில் திரும்பத் திரும்ப வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மாதம் ஒரு பதிவு, உள்ளது உள்ளபடி வைத்துக்கொண்டால் அதுவே வளர்ச்சியின் கணக்குப் புத்தகம். அதில் பொய்க்கணக்கு எழுதுகிறவன் முதலில் ஏமாற்றுவது தன்னைத்தான்.

எல்லை என்பது எப்போதும் தோல்வியும் அல்ல. ஐரோப்பாவில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார்க்காரருக்கு 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. தனி வாசிப்புக்குப் பெரும்பாலும் மிச்சமிருந்த இரண்டு விரல்களையே நம்பினார். அந்த இரண்டு விரலுக்கு ஏற்ற வழிகளைத் தேடியதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய பாணி. நாலு விரல் உள்ளவர்கள் இன்றும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

போடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. பச்சை ஏலக்காயை ஸ்டோரில் மிதமான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் காய் வெடித்துவிடும், நிறம் கெடும், மணமும் போகும். ஏலத்துக்கு வரும்போது பருங்காய் ஒரு விலைக்கும் சிறுகாய் ஒரு விலைக்கும் போகிறது. சிறுகாயைச் சிறுகாய் என்று விற்றவனை எந்த வியாபாரியும் வைததில்லை. பச்சைச் சாயம் தோய்த்தவன்தான் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது.

கதை எழுதுகிற எங்களுக்கும் இதே நியாயம்தான். போடிமெட்டு ஏறிப் பாராதவன் மலையை வர்ணிக்கும்போது, வார்த்தைகள் மூன்றாம் காலத்தில் ஓடும். ஒன்றிலும் குளிர் இராது. வாலிபருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அந்தப் பாட்டை இயந்திரத்தின் துணையின்றி, உங்கள் கை போகிற வேகத்தில், ஒருமுறை வாசித்து அனுப்புங்கள். அதில் எத்தனை பிசகு இருந்தாலும், இரண்டாம் முறையும் கேட்பேன்.