வனக்காட்சி ஓவியத்தில் பொழுது: செலியமேட்டுத் தோப்புகளை முன்வைத்து

'இம்ப்ரெஷனிசம்' என்னும் ஓவிய இயக்கத்தைக் குறிக்கத் தமிழில் 'மனப்பதிவியம்', 'உணர்வுப்பதிவியம்' முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றில் முன்னிற்பது ஓவியரின் அகம். 1874இல் பாரிசில் ஒளிப்படக் கலைஞர் நதாரின் பழைய கூடத்தில் முதற்கண்காட்சி நடத்திய குழுவினர் தேடியதோ, குறித்த ஒரு பொழுதில் ஒரு பொருளின்மேல் விழும் ஒளி. பெயர் அகத்தைச் சுட்டுவதால், அவ்வோவியங்களின் நிறத்தொகுதியை எந்நிலத்துக்கும் பொருத்தலாம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது.

அந்நிறத்தொகுதி ஒரு குறிப்பிட்ட காட்டிலிருந்து வந்தது. மோனே 1865இல் ஃபோந்தேன்புளோ காட்டின் 'போத்மர் ஓக்' மரத்தைத் தீட்டியபோது தரையெங்கும் இலையுதிர்காலச் செம்மஞ்சள் பரவியிருந்தது. 1876ஆம் ஆண்டுக் கண்காட்சியில் ரெனுவார், இலைகளினூடே வடிந்த ஒளித்திட்டுகளைப் பெண்ணுடலின்மீது தீட்டிக் காட்டினார். பச்சையும் ஊதாவும் படிந்த அவ்வுடலை அழுகும் தசை என்று ஆல்பர் வோல்ஃப் எள்ளினார். நிழலுக்கும் நிறமுண்டு என்பதை அக்காலப் பார்வையாளரின் கண் இன்னும் கற்றிருக்கவில்லை.

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த செலியமேடு நெல்வயல் சூழ்ந்த ஊர். இங்கு வனக்காட்சி என்பது பெரும்பாலும் தோப்புக்காட்சியே. ஃபோந்தேன்புளோ வட அகலாங்கு 48 பாகையை ஒட்டியது; இவ்வூர் 12 பாகையை ஒட்டியது. ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களின் பிற்பகுதியில் நண்பகற் கதிரவன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்க, நிழல் மரத்தடியிலேயே சுருங்கிவிடுகிறது. மாலையில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதால், சாய்ந்த பொன்னொளி நெடுநேரம் தங்குவதில்லை. தென்னையோலையின் மெழுகுப்பரப்பு வானத்தை எதிரொளித்து வெண்மை காட்டும். அதனைக் குழலிலிருந்து பிதுக்கிய பச்சையால் நிரப்பினால் ஓலை காகிதமாகிவிடும். கொம்யூனின் கடலோரச் சவுக்குத் தோப்புகள் இன்னும் கடினமானவை. சிறுசிறு தீற்றல்களாக வண்ணம் இடும் முறை அகன்ற இலைகளுக்கிடையே விழும் ஒளித்திட்டுகளுக்கு இசைந்தது. ஊசிபோன்ற சவுக்கிலையோ ஒளியைத் திட்டாக்காமல் புகைபோலச் சலித்துவிடுகிறது. அங்கே தீற்றலைப் பரப்பும் ஓவியர் தாம் காணும் தோப்பையன்று, ஏதோ ஒரு நூலில் கண்ட படத்தைத் தீட்டுகிறார்.

இவ்விடத்தில் தொல்காப்பியரின் பாகுபாடு உதவுகிறது. நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள். காடு முல்லையாவது காரும் மாலையும் கூடும்போது. முல்லைக்குரிய காயா, புதுச்சேரியை ஒட்டிய கோயிற்காடுகளில் இன்றும் பூக்கிறது. கரும்பச்சை இலைகளிடையே அதன் நீலம், நிழலின் நிறத்தைத் தேடும் ஓவியருக்கு அயலார் தரவேண்டாத பாடம். எனினும் இவ்வொப்புமையை அளவோடு கொள்ளல் வேண்டும். திணையின் மாலை மரபால் நிலைபெற்ற மாலை. மோனேயின் மாலை மறுநாள் திரும்பாதது. இவ்வேறுபாட்டை மறைத்து, சங்கப்புலவரை இம்ப்ரெஷனிச முன்னோடிகளாக்குதல் திறனாய்வாகாது.

சென்னைக் கலைப்பள்ளி மரபிலும் இப்பணி முற்றுப்பெறவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளில் தேர்ந்தவர். 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு நகர்ந்தார். அந்நகர்வு தனித்த அடையாளம் ஒன்றைத் தந்தது உண்மை. ஆயின் கோடும் குறியீடுமே நம்முடையவை, ஒளி ஐரோப்பியருடையது என்னும் பிரிவினையும் அதனோடு வேரூன்றியது. வெயிலில் வாழும் ஒரு நிலத்தாருக்கு இது விந்தையான முடிவு.

1891இல் மோனே நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்லர் மர வரிசையைத் தொடர் ஓவியங்களாகத் தீட்டிக்கொண்டிருந்தபோது அம்மரங்கள் விற்பனைக்கு வந்தன. வெட்டுவதைத் தள்ளிவைக்க மரவணிகருக்கு அவர் பணம் கொடுத்தார். சவுக்கும் சில ஆண்டுகளில் வெட்டப்படும் பயிரே. கார்கால மாலையொன்றில் பாதி தீட்டிய துணியுடன் அடுத்த ஆண்டு அங்கே திரும்பும் ஓவியர், நிழல் இருந்த இடத்தில் வானத்தைக் காணக்கூடும்.