அரைத் தூக்கத்தில் ஒரு விண்டோஸ்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது காவிரி டெல்டாவுக்குப் புதிதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த பாஸை ஒரு தடவைகூடத் திறக்காத வீடுகள்தான் அதிகம் இருக்கும். இப்போது நிலைமை வேறு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியை எடைக்குப் போட மனமில்லாதவர்கள் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்கிறார்கள். பாபநாசத்தில் மாமா வீட்டு மேசைக் கணினியில் மின்ட் 22-ஐ அப்படித்தான் போட்டுப் பார்த்தேன். உரக்கடைக் கணக்கு டேலியில் இருப்பதால் விண்டோஸை அழிக்க வழியில்லை.

நிறுவுவது சுலபம். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது, பழைய பிரிண்டரும் வேலை செய்கிறது. இடித்தது நெட்தான். விண்டோஸில் வருகிறது, மின்டில் வரவில்லை.

“நீ போட்ட லினக்ஸாலதான் மாப்ள இப்டி. கேபிள்காரர வரச் சொல்லவா?” என்றார் மாமா.

கேபிள்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஃபைபர் பெட்டியைப் பார்க்க வேண்டும். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் கோளாறு வெளியே, கணினியைத் தொட வேண்டாம். ஐப்பசி மழையில் மரக்கிளை விழுந்து ஒயர் அறுவது இங்கே சகஜம். அதே பெட்டியின் வைஃபையில் செல்போனுக்கு நெட் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அடுத்து, கணினியின் பின்பக்கம் ஒயர் செருகும் இடத்தில் இருக்கும் சின்ன விளக்குகள். மாமா வீட்டில் அவை எரியவே இல்லை. நெட்வொர்க் கார்டே எழவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் ஐபி, டிஎன்எஸ் என்று நோண்டுவது வீண்.

காரணம், 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது. தன் கருப்பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும். சில கார்டுகளும் அதே மயக்கத்தில் நின்றுவிடும். பிறகு வரும் லினக்ஸ் தட்டினால் எழுந்திருக்காது. டி டிரைவில் கிடக்கும் பட்டா, சிட்டா நகல்களை மின்டில் திறக்க முடிந்து, சேமிக்க மட்டும் முடியாமல் போவதும் இதனால்தான்.

சோதிப்பது எளிது. விண்டோஸிலிருந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து மின்டுக்குப் போங்கள். நெட் வந்தால் குற்றவாளி அகப்பட்டான். ரீஸ்டார்ட்டில் மட்டும் விண்டோஸ் உண்மையாகவே அணைகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரண்ட் போய் வந்தாலும் நெட் வந்துவிடும். அணைத்த கணினியிலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்; அதுவும் நின்றால்தான் மயக்கம் தெளியும். மின்வெட்டால் நன்மை என்று நான் எழுதப்போவது அநேகமாக இது ஒன்றுதான்.

நிரந்தர வைத்தியம் விண்டோஸில் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலாக இருந்தால் மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை முதலில் அழுத்த வேண்டும். விண்டோஸ் எழ இனி கொஞ்சம் கூடுதல் நேரமாகும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அது நன்றாகவே தெரியும்.

விளக்கு எரிந்தும் தளங்கள் திறக்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டின் பட்டன் செல் தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். விண்டோஸ் நேரம் சரியாக ஐந்தரை மணி பிந்தினால் செல் மேல் பழியில்லை. கணினிக் கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தையும் லினக்ஸ் உலக நேரத்தையும் எழுதுவதால் வரும் தகராறு அது. பயிர்க் காப்பீட்டுக் கெடு நெருங்கும்போது இதெல்லாம் நடந்தால் போனை யுஎஸ்பி ஒயரில் செருகி டெதரிங் போடுங்கள், மின்ட் உடனே பிடித்துக்கொள்கிறது.

என் சிபாரிசு: மின்ட் இருக்கட்டும், நெட் வேலை முழுக்க அதிலேயே நடக்கட்டும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 10-ல் டேலிக்கு மட்டும் நுழையுங்கள், அப்போது நெட் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மாமா இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.