பூனைக்குப் பால் யார் கணக்கில்?

'டாக்கிங் டாம்' பூனையைத் தெரியுமோ? தெரியாவிட்டால் வீட்டு வாண்டுகளைக் கேளுங்கள். நாம் என்ன பேசினாலும் கீச்சுக் குரலில் அப்படியே திருப்பிச் சொல்லும். 2010-ல் ஸ்லொவேனியா என்கிற குட்டி நாட்டின் 'அவுட்ஃபிட்7' கம்பெனி செய்தது. 2017 ஜனவரியில் அந்தக் கம்பெனியைச் சீன முதலீட்டாளர்கள் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்கியதாக அறிவித்தார்கள். பூனை வியாபாரம் சாதாரணமில்லை!

இந்த ஆட்டத்துக்கு மொழிபெயர்ப்புச் செலவே கிடையாது, கவனித்தீர்களா? தமிழில் திட்டினால் தமிழில் திட்டும், மராத்தியில் கொஞ்சினால் மராத்தியில் கொஞ்சும். டென்மார்க்காரர்களின் 'சப்வே சர்ஃபர்ஸ்' (2012) இன்னும் கெட்டி. தண்டவாளத்தில் ஒரு பொடியன் ஓடுகிறான், பின்னால் ஒரு தொப்பைக் காவலரும் நாயும். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வேலையே இல்லை. சுமாரான போனிலும் ஓடும். மும்பையையே களமாக வைத்து ஒரு பதிப்பு விட்டார்கள். ஆட்டமாக மட்டும் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போடுவேன்.

சரி, நம் ஊரில் கல்லா நிரம்பியதா?

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீராக ஓட ஆரம்பித்ததும், கேம் டவுன்லோடில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கரும் ஜப்பானியரும் கேமுக்குள் செலவழிக்கிற காசோடு ஒப்பிட்டால் நம்முடையது சில்லறை. கூட்டம் ரங்கநாதன் தெரு மாதிரி, பில் போட்டவர் நாலு பேர்.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2015-லேயே ஆப்களின் குறைந்தபட்ச விலையை ஐம்பது ரூபாயிலிருந்து பத்து ரூபாயாக இறக்கியது. நம் ஷாம்பு சாஷே டெக்னிக்! ஆனால் சாஷேயைப் பெட்டிக்கடையில் சில்லறை நீட்டி வாங்கலாம். போன் கடையில் அப்போது பெரும்பாலும் கார்டு கேட்டார்கள். அப்புறம் யு.பி.ஐ. வந்தது, கார்டு தொல்லை தீர்ந்தது, நம் குணம் மாறவில்லை. 'கேண்டி க்ரஷ்'ஷில் உயிர் தீர்ந்தால் அடுத்த உயிருக்கு அரை மணி காத்திருக்கணும், அல்லது காசு கொடுக்கணும். நாம் மூன்றாவதாக ஒரு வழி பிடித்தோம்: போன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தோம்.

ஆக, பூனைக்குப் பால்காசு எங்கிருந்து? விளம்பரம். நவி மும்பையில் பிறந்த 'லூடோ கிங்'கும் (2016) பெரும்பாலும் அதில்தான் பிழைக்கிறது. அதில் தப்பில்லை. என் உறுத்தல் வேறே. இந்தியக் கண் ஒன்றுக்கு விளம்பரதாரர் தருகிற விலை அமெரிக்கக் கண்ணைவிட ரொம்பக் குறைச்சல். மார்ஜின் குறைந்தால் வால்யூமை ஏற்று என்பது பி.காம். பாடம். அதாவது நிறையக் காட்டணும். 'வீடியோ பார், நாணயம் தருகிறேன்' என்று அந்த அழகுப் பூனை கெஞ்சுவது அதற்காகத்தான்.

யாரிடம் கெஞ்சுகிறது? ஆட்டம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத நாலு வயசிடம். 2015-ல் பிரிட்டனில் 'மை டாக்கிங் டாம்' ஆட்டத்துக்கு நடுவில் கள்ள உறவுக்கு ஆள் தேடித் தரும் ஓர் இணையதளத்தின் விளம்பரம் வந்து, பெற்றோர் புகார் செய்ய, அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கண்டித்தது. அங்கே புகார் கொடுக்க ஆள் இருந்தது. இங்கே எத்தனை பேர் குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்கிறோம்?

2023-ல் வந்த நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்பா போனில், அப்பா கணக்கில் விளையாடும் குழந்தைக்கு கம்பெனியின் கணக்குப்படி வயசு முப்பத்தெட்டு!

அதுவரைக்கும் ஒரு சின்ன உபாயம். டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு போனைக் கொடுங்கள். 'சப்வே சர்ஃபர்ஸ்' பொடியன் அப்போதும் ஓடுவான். விளம்பரம் மட்டும் வராது.